பிறையும் வெள்ளியும் ஒரே படத்தில்: மொபைல் போதுமா, பைனாகுலரா, கேமராவா, டெலஸ்கோப்பா?

2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. இந்தியாவில் ரமலான் நோன்பின் முதல் நாள். பொழுது சாய்ந்ததும் மேற்கே மெல்லிய பிறை, அதற்குக் கீழே ஒட்டினாற்போல வெள்ளி. காதணியில் ஒற்றைக் கல் தொங்குவது மாதிரி இருந்தது. எங்கள் தெருவில் அநேகமாக எல்லா மொட்டை மாடியிலும் ஆள் நின்றார்கள். எல்லார் கையிலும் மொபைல். மறுநாள் பார்த்தவர்களிடமெல்லாம் ஒரே குறைதான்: “கண்ணுக்கு அவ்வளவு அழகா இருந்துச்சு, படத்துல வெறும் வெள்ளைப் பொட்டுதான் வருது. என்ன வாங்கினா நல்லா வரும்?”

அதன் பிறகு நிலவும் ஏதாவது ஒரு கிரகமும் பக்கத்தில் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. ஒருவர் டெலஸ்கோப் வாங்கலாமா என்பார், இன்னொருவர் பெரிய ஜூம் உள்ள கேமராவைக் காட்டுவார். நான் ஒவ்வொருவரிடமும் திருப்பிக் கேட்பது, “இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும்போது படம் எடுக்கப் போகிறீர்கள்?” என்பதுதான். அது தெரியாமல் வாங்கினால் பணம் போட்ட பிறகும் நிலவு ஒரு படத்தில், கிரகம் இன்னொரு படத்தில் என்று ஆகிவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

இடைவெளி. கையை முழுக்க நீட்டிப் பிடித்தால் சுண்டு விரலின் அகலம் வானத்தில் சுமார் 1 டிகிரி. நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5 டிகிரி, மூடிய முஷ்டி 10 டிகிரி. நிலவின் அகலம் அரை டிகிரிதான், அதாவது முழு நிலவே உங்கள் சுண்டு விரலுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். நம்ப முடியாவிட்டால் அடுத்த பௌர்ணமிக்குப் பிடித்துப் பாருங்கள். நிலவு வானத்தில் எவ்வளவு சின்னது என்பது அப்போதுதான் உறைக்கும்.

எந்தக் கிரகம். வெள்ளி சூரியனை விட்டு 48 டிகிரிக்கு மேல் விலகவே விலகாது. அதனால் வெள்ளியின் பக்கத்தில் நிற்கும் நிலவு எப்போதும் பிறையாகத்தான் இருக்கும். வியாழன், செவ்வாய், சனி அப்படி இல்லை. பிறையோடும் வரும், முழு நிலவோடும் வரும்.

இதில் படம் எடுப்பவருக்கு ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. வெள்ளியின் மேகங்கள் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்புகின்றன, அது சூரியனுக்கும் பக்கம். ஆகவே பிறைக்கு ஏற்றபடி ஒளியைக் குறைத்தாலும் வெள்ளி பளிச்சென்று நிற்கும். வியாழனுக்குக் கிடைக்கும் வெயில் நமக்குக் கிடைப்பதில் சுமார் 27-இல் ஒரு பங்கு. முழு நிலவின் பள்ளங்கள் தெரியும்படி ஒளியைக் குறைத்தால் வியாழன் மங்கிவிடும். சனி இன்னும் மோசம். ஒரே சொடுக்கில் இரண்டும் சரியாக வருவது வெள்ளியோடுதான் எளிது.

காட்சியா, வட்டா. தென்னை மரம், கோபுரம், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் மேலே பிறையும் வெள்ளியும் நிற்கிற காட்சி வேண்டுமா? இல்லை, நிலவின் பள்ளங்களும் கிரகத்தின் வடிவமும் தெரியும்படி அவற்றின் வட்டு பெரிதாக வேண்டுமா? இந்த இரண்டுக்கும் ஒரே கருவி கிடையாது.

தூக்கிக்கொண்டு ஏறுவீர்களா. நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இறங்குவதால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். சூரியன் மறைந்து 20, 22 நிமிடத்தில் நல்ல வெளிச்சம் போய்விடுகிறது. அதற்குள் மாடி ஏறி, பொருத்தி, ஃபோகஸ் செய்து முடிக்க வேண்டும். எடுத்து மாட்டவே அரை மணி நேரம் பிடிக்கும் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அன்றைக்கு உதவாது.

## நாள் பார்ப்பது: பஞ்சாங்கமே போதும்

இதற்கு முதலில் எந்தச் செலவும் தேவையில்லை. பஞ்சாங்கத்தில் கிரக பாதசாரம் என்ற பகுதியில் சுக்கிரனும் (வெள்ளி) குருவும் (வியாழன்) எந்த நட்சத்திரத்தில் எத்தனையாவது பாதத்தில் இருக்கின்றன என்று போட்டிருக்கும். ஒரு நட்சத்திரம் என்பது 13 டிகிரி 20 பாகை நிமிட அகலம் (ஒரு டிகிரிக்கு 60 பாகை நிமிடம்), நிலவு ஒரு நாளில் கடப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். குரு புனர்பூசத்தில் இருக்கிறது, இன்றைய நட்சத்திரமும் புனர்பூசம் என்றால் நிலவு இன்று குருவைக் கடக்கிறது என்று பொருள். பாதமும் ஒன்றாக வரும் வேளை இன்னும் நெருக்கம். குரு அஸ்தமனம், சுக்கிர அஸ்தமனம் என்று குறித்திருக்கும் நாட்களில் அந்தக் கிரகம் சூரிய ஒளியில் மூழ்கியிருக்கும், மாடி ஏறிப் பயனில்லை.

வடக்கு தெற்காக எவ்வளவு விலகும் என்பதைப் பஞ்சாங்கத்தில் இப்படிப் பார்க்க முடியாது. அதற்கு ஸ்டெல்லேரியம் மாதிரி ஒரு செயலியில் உங்கள் ஊரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் செய்தியில் “இன்றிரவு மிக நெருக்கம்” என்று படித்துவிட்டு இங்கே ஏமாறுபவர்கள் நிறைய. நிலவு மணிக்கு அரை டிகிரி, அதாவது தன் அகலத்தின் அளவு நகர்கிறது. 12 மணி நேர வித்தியாசத்தில் 6 டிகிரி தள்ளிப் போய்விடும்.

## ஏற்கெனவே கையில் இருக்கும் மொபைல்

மொபைலின் சாதாரண கேமராவில் 4000 பிக்சல் அகலப் படம் எடுத்தால் அதில் நிலவு சுமார் 30 பிக்சல்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மொபைலாக இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. மூன்று மடங்கு ஆப்டிகல் ஜூம் இருந்தால் 90 பிக்சல். பள்ளங்களைக் காட்ட இது போதாது. ஆனால் காட்சியைப் பிடிக்க இதைவிடச் சுலபமான கருவி இல்லை.

வெள்ளைப் பொட்டு விழுவதற்குக் காரணம் பிக்சல் பற்றாக்குறை மட்டுமல்ல. இருட்டைப் பார்த்து மொபைல் தானாக ஒளியைக் கூட்டிக்கொள்கிறது, அதில் பிறை வீங்கிப் பந்தாகிவிடுகிறது. திரையில் நிலவின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வானம் கருநீலமாகவும் பிறை பிறையாகவும் மாறும் இடத்தில் நிறுத்துங்கள். நைட் மோட் வேண்டாம். மூன்று நொடி டைமர் வையுங்கள், இல்லையென்றால் பொத்தானைத் தொடும்போதே படம் ஆடிவிடும்.

இன்னொன்று: மொபைலை நிறுத்திப் பிடியுங்கள், படுக்கவைக்காதீர்கள். நம் அட்சரேகையில் கிரகங்கள் செல்லும் பாதை அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழுகிறது. பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும், கிரகம் பெரும்பாலும் அதற்கு மேலேயோ கீழேயோதான் நிற்கும். ஐரோப்பியர்கள் எழுதிய குறிப்புகளில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று இருப்பது இங்கே பொருந்தாது.

செலவு என்றால் ஒரு ட்ரைபாட், சில நூறு ரூபாய். காற்றடிக்கும் மாடியில் அந்த லேசான ட்ரைபாட் ஆடும். நான் ஒரு துணிப்பையில் செங்கல் போட்டு அதன் நடுக்கம்பியில் கட்டித் தொங்கவிடுகிறேன். பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கயிற்றைக் கட்டினால் ஆட்டம் அடங்கிவிடுகிறது.

மறைமுகச் செலவு ஒன்று உண்டு, அது நம்பிக்கை சம்பந்தப்பட்டது. சில மொபைல்கள் நிலவை அடையாளம் கண்டதும் மென்பொருளாலேயே பள்ளம் மேடுகளைக் கூர்மையாக்கிக் காட்டுகின்றன. 30 மடங்கு, 100 மடங்கு ஜூமில் வரும் அந்தப் படத்தில் எவ்வளவு உங்கள் லென்ஸ் பார்த்தது, எவ்வளவு மென்பொருள் சேர்த்தது என்று சொல்ல முடியாது. அந்த ஜூமை நம்பி மொபைலை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

இது சிறந்த தேர்வாகும் இடம்: இடைவெளி 3 டிகிரி முதல் 20 டிகிரி வரை, கோபுரமோ கடலோ மரமோ படத்தில் இருக்கும்போது.

## பைனாகுலர்

இது படம் எடுக்கும் கருவியே இல்லையே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனாலும் பட்டியலில் இதைத்தான் நான் மிக உயர்வாக வைக்கிறேன்.

10×50 என்று எழுதியிருந்தால் 10 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 50 மி.மீ. என்று அர்த்தம். அதில் தெரியும் வானத்தின் அகலம் சுமார் 6.5 டிகிரி. மாதாமாதம் நிலவும் கிரகமும் ஓரளவு நெருங்கி வரும் நாட்களில் பல இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். அதில் முதல் முறை பிறையைப் பார்ப்பவர்கள் அதன் ஒளிப்பகுதியைவிட இருண்ட பகுதியைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். பூமியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அங்கே விழுந்து, சாம்பல் பூத்த தணல் மாதிரி முழு வட்டமும் மங்கலாகத் தெரியும். பக்கத்தில் வியாழன் இருந்தால் முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி மூச்சை அடக்கிப் பாருங்கள். அதன் இரு பக்கமும் ஒரே கோட்டில் இரண்டோ மூன்றோ, சில நாள் நான்கோ ஒளிப்புள்ளிகள். 1610 ஜனவரியில் கலீலியோ கண்ட அதே நான்கு நிலவுகள். எங்கள் வீட்டில் அதைப் பார்த்த பிள்ளைகள் அடுத்த நாள் “புள்ளி இடம் மாறிடுச்சு” என்று தாங்களாகவே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

வெள்ளி பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே வரப்போகும் வாரங்களில் அதன் அகலம் ஒரு பாகை நிமிடத்தை நெருங்கும். அப்போது அதுவும் ஒரு குட்டிப் பிறையாகப் பைனாகுலரில் தெரியும். வானம் முழுக்க இருட்டுவதற்கு முன் பார்த்தால் கண்கூச்சம் குறைவு. ஆனால் சூரியன் முழுவதும் மறைந்த பிறகுதான் பைனாகுலரை மேற்கே திருப்ப வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. ஒரு கணம் சூரியன் அதற்குள் விழுந்தாலும் கண் போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

கண்வில்லையில் மொபைலை ஒட்டிப் படமும் எடுக்கலாம். கையால் பிடித்தால் பத்துக்கு ஒன்று தேறும், பைனாகுலரை ட்ரைபாடில் பூட்டி மொபைலுக்கு அடாப்டர் போட்டால் பாதி தேறும்.

நல்ல 10×50 சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும், பத்தாண்டுகளுக்கு மேல் உழைக்கும். 100 மடங்கு, 180 மடங்கு என்று அச்சிட்டு மலிவாக விற்கும் ஜூம் பைனாகுலர்களைத் தொடாதீர்கள். காட்சி மங்கல், வட்டம் குறுகல், கை ஆட்டத்தில் எதுவும் நிற்காது. கீழே ஒரு முறை விழுந்தால் இரண்டு குழாயும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் பிம்பம் இரண்டாகத் தெரியும், அதைச் சரிசெய்யும் கடை எல்லா ஊரிலும் இல்லை. கழுத்து வாரை மாட்டாமல் தூக்கவே கூடாது.

இது சிறந்த தேர்வாகும் இடம்: பார்ப்பதே முதல் ஆசை, படம் அடுத்தது, வீட்டில் பிள்ளைகளோ பெரியவர்களோ கூடப் பார்க்க வேண்டும்.

## பெரிய ஜூம் கேமரா

நிக்கான் பி900, பி1000 போன்றவை. லென்ஸ் கழற்ற முடியாது, ஆனால் 24 மி.மீ. தொடங்கி 2000, 3000 மி.மீ.க்குச் சமமான ஜூம் வரை (இந்த எண் கூடக் கூட ஜூம் அதிகம்) ஒரே பெட்டியில். பள்ளங்கள் தெரியும் நிலவுப் படத்துக்குக் குறைந்த உழைப்பில் சேரும் வழி இதுதான்.

கடையில் காட்டும் முழு ஜூம்தான் வாங்குபவரைக் கவிழ்க்கிறது. 2000 மி.மீ.யில் படத்தின் அகலம் வானத்தில் 1 டிகிரி மட்டுமே. கிரகம் 3 டிகிரி தள்ளி நின்றால் ஜூமை 500 மி.மீ.க்குக் குறைக்க வேண்டியிருக்கும். அங்கே வந்துவிட்டால் சின்ன சென்சார் உள்ள இந்தக் கேமராவைவிட, லென்ஸ் கழற்றி மாட்டும் சாதாரண டிஎஸ்எல்ஆர் நன்றாக எடுக்கும். கிரகத்தின் மேல் தானியங்கி ஃபோகஸ் நிற்காமல் முன்னும் பின்னும் அலையும். நிலவின் விளிம்பில் ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். ஜூம் மோட்டார் பழுதானால் கேமரா முழுவதும் போன மாதிரி, இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது சிறந்த தேர்வாகும் இடம்: இடைவெளி 1 டிகிரிக்குள் இருக்கும் அபூர்வ நாட்கள், பறவைகளும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் சரி.

## டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ், கூடவே ஒரு டெலி லென்ஸ்

ஏற்கெனவே கேமரா இருந்து, 55-250 மாதிரி ஒரு லென்ஸ் அலமாரியில் தூங்கினால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். 250 மி.மீ.யில், இந்த வகைக் கேமராக்களில் சாதாரணமாக வரும் ஏபிஎஸ்-சி சென்சாருக்குப் படத்தின் அகலம் சுமார் 5.4 டிகிரி. நிலவின் அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. லென்ஸின் மி.மீ. எண்ணை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலவின் அகலம் கிடைக்கும். 250-க்கு 2.3 மி.மீ. அது படத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு.

இதன் உண்மையான பலம் ஒளியின் மேல் உங்களுக்கு இருக்கும் பிடி. ரா வடிவில் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். பிறையின் வடிவத்துக்கு லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 200, 1/100 நொடியில் தொடங்கலாம். இருண்ட பகுதியின் சாம்பல் ஒளியும் வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 1600, 1 நொடி. ஒரு நொடிக்கு மேல் போனால் வானம் சுழல்வது கோடாக விழத் தொடங்கும். முழு நிலவும் வியாழனும் என்றால் நிலவுக்கு ஒன்று, வியாழனின் நிலவுகளுக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். சேர்த்த படம் என்று சொல்லியே பகிருங்கள்.

மறைமுகச் செலவு நம் கடலோர ஊர்களில் மற்ற எங்கேயும்விட அதிகம்: பூஞ்சை. ஒரு மழைக்காலம் முழுக்கத் தோல் பையில் மூடி வைத்த என் லென்ஸின் உள்ளே தை மாதம் திறந்து பார்த்தபோது வேர் மாதிரி வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. சுத்தம் செய்யக் கேட்ட தொகை லென்ஸின் பாதி விலை. இப்போது மூடி இறுகும் சாப்பாட்டு டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டு போனால் கண்ணாடி வியர்த்துவிடும். அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

இது சிறந்த தேர்வாகும் இடம்: இடைவெளி 1 முதல் 5 டிகிரி, கேமரா ஏற்கெனவே இருக்கிறது, எடுத்த பிறகு கணினியில் உட்காரப் பொறுமையும் இருக்கிறது.

## சிறிய டெலஸ்கோப்

சனியின் வளையத்தை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் இதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஆசைக்காக வாங்குங்கள், நான் தடுக்கவே மாட்டேன். நிலவையும் கிரகத்தையும் சேர்த்து எடுக்க என்றால் யோசியுங்கள்.

700 மி.மீ. குவியத் தொலைவும் 70 மி.மீ. முன் கண்ணாடியும் உள்ள டெலஸ்கோப்பில் 25 மி.மீ. கண்வில்லை போட்டால் 700-ஐ 25-ஆல் வகுத்து 28 மடங்கு, தெரியும் வானம் சுமார் 1.8 டிகிரி. 1200 மி.மீ. உள்ள 6 அங்குல டாப்சோனியனில் (எளிய தாங்கியில் நிற்கும் கண்ணாடி டெலஸ்கோப்) அதே கண்வில்லை 48 மடங்கு, 1 டிகிரி. மாதத்தில் பெரும்பாலான சந்திப்புகள் இதற்குள் அடங்காது. தானாகத் திரும்பும் அமைப்பு இல்லையென்றால் பூமி சுழல்வதால் 4 நிமிடத்தில் எல்லாம் வட்டத்தை விட்டு வெளியேறிவிடும், திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் அடங்கும் நாளில் கிடைப்பது வேறு எதிலும் கிடைக்காது. 2020 டிசம்பர் 21-ஆம் தேதி வியாழனும் சனியும் நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியில் நின்றன. வியாழனின் நிலவுகளும் சனியின் வளையமும் ஒரே வட்டத்தில் தெரிந்தன. அதற்கு டெலஸ்கோப்தான் வேண்டியிருந்தது.

மலிவான டெலஸ்கோப்பில் கண்ணாடி சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம், கால்கள் ஆடினால் ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸ் திருகைத் தொட்டதும் நிலவு துள்ளும். பெட்டியின் மேல் 525 மடங்கு என்று அச்சிட்டிருந்தால் அதை வைத்துவிட்டு நகருங்கள். மொபைல் அடாப்டர், இன்னொரு கண்வில்லை, கண்ணாடி நேர்ப்படுத்தல் என்று செலவு தொடரும். வைக்க ஒரு மூலையும் தூக்க ஆளும் வேண்டும்.

இது சிறந்த தேர்வாகும் இடம்: கிரகத்தையே பார்க்கும் ஆசை, நிலவோடு சேர்த்து என்றால் 1 டிகிரிக்குள் வரும்போது.

## ஒரே பார்வையில்

| | அடங்கும் வானம் | தோதான இடைவெளி | செலவு | தயாராகும் நேரம் | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|---|---|
| மொபைல், ட்ரைபாட் | 70 டிகிரி அளவு | 3 முதல் 20 டிகிரி | சில நூறு | 2 நிமிடம் | மென்பொருள் ஒப்பனை |
| பைனாகுலர் 10×50 | 6.5 டிகிரி | 6 டிகிரிக்குள் | சில ஆயிரம் | உடனே | விழுந்தால் பழுது |
| பெரிய ஜூம் கேமரா | முழு ஜூமில் 1 டிகிரி | 1 டிகிரிக்குள் | அதிகம் | 5 நிமிடம் | ஜூம் மோட்டார் |
| டிஎஸ்எல்ஆர், 250 மி.மீ. | 5.4 டிகிரி | 1 முதல் 5 டிகிரி | புதிதாக என்றால் அதிகம் | 10 நிமிடம் | பூஞ்சை, நல்ல ட்ரைபாட் |
| சிறிய டெலஸ்கோப் | 1 முதல் 1.8 டிகிரி | 1 டிகிரிக்குள் | நடுத்தரம் முதல் அதிகம் | 20 நிமிடத்துக்கு மேல் | அடாப்டர், கண்வில்லை, இடம் |

## என்னிடம் கேட்டால்

கையில் எதுவும் இல்லாதவருக்கு என் பதில்: இருக்கிற மொபைலுக்கு ஒரு ட்ரைபாட், பார்ப்பதற்கு ஒரு 10×50. ஐந்தாறு மாதம் இதை வைத்து ஒவ்வொரு மூன்றாம் பிறைக்கும் மாடி ஏறுங்கள். அதற்குள் உங்களுக்குக் காட்சி பிடிக்கிறதா, வட்டு பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். காட்சி என்றால் அடுத்து டெலி லென்ஸ். வட்டு என்றால் டெலஸ்கோப்.

டெலஸ்கோப் வாங்குமுன் ஒரு முறையாவது வேறொருவருடையதில் பார்த்துவிடுங்கள். சென்னையில் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் இருக்கிறது, மற்ற ஊர்களில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் வான்நோக்கு நிகழ்ச்சி நடத்துவதுண்டு. படங்களில் பார்த்த சனியை மனதில் வைத்துக்கொண்டு கண்வில்லையில் குனிபவருக்கு அது எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. அதைப் பார்த்தும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

பழைய லென்ஸோ பைனாகுலரோ வாங்குவதாக இருந்தால் பகலில் போகாதீர்கள், அந்தி மங்கியதும் போங்கள். மொபைல் டார்ச்சை ஒரு முனையில் சாய்வாக அடித்து மறுமுனை வழியாக உள்ளே பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் மாதிரி கிளைத்த இழைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.